மருந்து கெட்டிக்கும் கை

சென்னையிலிருந்து சூலூர்பேட்டை செல்லும் புறநகர் வண்டி ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் ஆந்திர எல்லைக்குள் நுழைந்து தடாவில் நிற்கிறது. 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே கடைவாசலில் புழங்கும் எல்லையூர் இது. தடா என்றதும் மாணவர்களுக்கு உப்பலமடுகு அருவி நினைவுக்கு வரும். பறவை ஆர்வலர்களுக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரியும் பூநாரைகளும் நினைவுக்கு வரும். வெடிமருந்தின் வரலாற்றைப் படிப்பவருக்கோ இந்த ஏரி வேறொரு காரணத்தால் முக்கியமானது.

ஏரியின் தென்முனையிலுள்ள பழவேற்காட்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டி முடித்தனர். சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடமாக விளங்கிய அவ்வூரில், 17ஆம் நூற்றாண்டில் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையும் இயங்கியது. வெடியுப்பும் கந்தகமும் கரியும் அங்கே கலந்து அரைக்கப்பட்டு, கீழைத்தீவுகளிலிருந்த டச்சுக் கோட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் சென்றன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971 அக்டோபர் 9 அன்று முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. இன்று பி.எஸ்.எல்.வி.யின் முதற்கட்டத்தில் ஏறத்தாழ 139 டன் திட எரிபொருள் நிரப்பப்படுகிறது. ஆக, ஒரே நீர்ப்பரப்பின் கரைகளில், முன்னூற்றைம்பது ஆண்டு இடைவெளியில், எரிந்து உந்தும் பொருளை அளந்து நிரப்பும் தொழில் இருமுறை நடந்திருக்கிறது. முதலாவது ஒரு வணிகக் கம்பெனியின் தொழில்; இரண்டாவது ஓர் அரசின் தொழில்.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு. தனிமனிதன் தன் கையால், தன் துப்பாக்கிக்கு, தானே மருந்து நிரப்புவது. தமிழில் அதற்குப் பழைய வினைச்சொல் இருக்கிறது: கெட்டித்தல். திருவிழாவில் அதிர்வேட்டுக் குழாய்க்கு மருந்து கெட்டிப்பார்கள். நாட்டுத் துப்பாக்கிக்கும் மருந்து கெட்டிப்பார்கள். மேலை நாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், இது இன்று மதிப்புமிக்க பொழுதுபோக்கு. பெருங்குழல் ரைஃபிளைத் தானே கட்டி, அதற்குரிய தோட்டாக்களைத் தானே நிரப்பி, ஆயிரம் கெஜத் தொலைவில் உள்ள இலக்கைச் சுடுவதில் வாழ்நாளைச் செலவிடுவோர் அங்கே உள்ளனர். 12.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள .50 ரகத்திற்கென்றே 1985இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. தடாவில் பிறந்த ஒருவருக்கு இப்பொழுதுபோக்கில் ஆர்வம் வந்தால், அதை அவர் ஏட்டில்தான் கற்க முடியும். ஏன் அப்படி என்ற கேள்விக்குச் 'சட்டம்' என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சட்டம் யாருடைய கையைக் கண்டு அஞ்சி எழுதப்பட்டது என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் தொழிலைப் பார்க்கலாம். துப்பாக்கிக் குழலின் அகலத்தைப் 'போர்' என்று குறிப்பது பழைய வழக்கம். ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாக வார்த்தால் அவ்வுருண்டை குழலுக்குப் பொருந்துமோ, அந்த எண்ணிக்கையே போர். நம் ஊர்ப் பண்ணை வீடுகளில் மாட்டியிருந்த பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கு ஒரு பவுண்டில் பன்னிரண்டு குண்டுகள். நான்கு போர் என்றால் ஒரே குண்டு கால் பவுண்டு, அதாவது 113 கிராம். எண் குறையக் குறையக் குழல் பெருக்கும். குழல் பெருக்கப் பெருக்கத் தோளுக்கு வரும் உதையும் பெருக்கும்.

இன்றைய தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டவுடன் மருந்தும் பிரைமரும் தீர்ந்துவிடும், குண்டு போய்விடும். கூடு மட்டும் கையில் எஞ்சும். அக்கூடு வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் விரிந்து, துப்பாக்கியின் உள்ளறைக்கு ஏற்ற வடிவம் பெற்றிருக்கும். அதை அச்சில் செலுத்திப் பழைய அளவுக்குச் சுருக்கி, நீண்டிருந்தால் வாயை வெட்டி, புதிய பிரைமர் பொருத்தி, மருந்தைத் தராசில் நிறுத்துக் கொட்டி, குண்டை உரிய ஆழத்தில் அமர்த்துவதே கையால் நிரப்புதல். சிக்கனம் ஒரு காரணம். ஆலைத் தோட்டாக்களில் காணும் சிறு வேறுபாடுகளைத் தன் கையால் களைவது மற்றொரு காரணம். உற்பத்தி நின்றுபோன பழைய துப்பாக்கிகளுக்கு உயிர் கொடுப்பது மூன்றாவது காரணம்.

நிறுக்கும் அலகின் பெயர் கிரெய்ன். ஒரு பார்லி மணியின் எடையிலிருந்து பிறந்த அலகு அது. ஏறத்தாழ 65 மில்லிகிராம். குன்றிமணியை எடைக்கல்லாக வைத்துப் பொன் நிறுத்த நம் தட்டார்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது. ஒரு குன்றிமணி இரண்டு கிரெய்னுக்குச் சற்றுக் குறைவு. கையால் நிரப்புவோர் ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுக்கிறார்கள். பட்டறையில் தட்டார் தராசுக்கு முன் மூச்சை அடக்குவதைப் போலவே இவர்களும் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருகிறார்கள்.

இவ்வளவு நுட்பம் ஏன் வேண்டும்? ரைஃபிள் மருந்து வெடிப்பதில்லை, எரிகிறது என்பதே இத்தொழிலின் முதற்பாடம். எரியும் வேகம் மருந்து மணியின் புறப்பரப்பைப் பொறுத்தது. திண்மையான மணி எரிய எரியச் சிறுத்துப் புறப்பரப்பு குறைகிறது. நடுவில் துளையிட்ட மணியில் வெளிப்பரப்பு குறையும்போது உட்பரப்பு வளர்ந்து ஈடுகட்டுகிறது. கனமான குண்டை நீண்ட குழலில் தள்ள மெதுவாக எரியும் மருந்து வேண்டும்; இலேசான குண்டுக்கு விரைவாக எரியும் மருந்து. ஸ்ரீஹரிகோட்டாவில் திட எரிபொருளை வார்க்கும்போது நடுவில் விடப்படும் குழிவின் வடிவத்தைத் தீர்மானிப்பதும் இதே கணக்குதான். பதினைந்து கிராம் மருந்துக்கும் நூற்று முப்பத்தொன்பது டன் எரிபொருளுக்கும் வடிவியல் ஒன்றே.

.50 தோட்டாவினுள் எழும் அழுத்தம் கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல மூவாயிரத்து ஐந்நூறு மடங்கிற்கும் மேல். கூட்டின் அடிப்பரப்பு சாதாரண .30 ரக வேட்டை ரைஃபிளினுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அழுத்தம் அதே அளவில் இருந்தாலும், சுடுபவரின் முகத்துக்கு முன்னால் உள்ள பூட்டின் மீது விழும் தள்ளுவிசை மும்மடங்காகிறது. ஆகவே பெருங்குழல் ரைஃபிளைக் கட்டுவோர் குழலை விடப் பூட்டையே அதிகம் எண்ணுகின்றனர். பூட்டின் முகத்துக்கும் கூட்டின் அடிக்கும் இடையே இருக்கும் வெளி ஒரு மயிரிழை கூடினால் கூடு நீண்டு கிழியக்கூடும். குறைந்தால் பூட்டு மூடாது. மருந்து மிகுந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கூட்டில் அளவுக்கு மிகக் குறைத்து இட்டாலும் அழுத்தம் எகிறியதாகப் பதிவுகள் உண்டு. எனவே இப்பொழுதுபோக்கின் உண்மையான கருவி குறிப்பேடுதான் என்று சொல்லலாம்: எந்தக் கூடு, எத்தனையாவது தடவை, எந்த மருந்து, எவ்வளவு, என்ன வெப்பநிலை. அந்தப் பக்கங்களில் தவறு நேர்ந்தால் பழிபோட இன்னொருவர் இல்லை. இத்தொழிலின் மீது வைக்கத்தக்க மரியாதை இதனால் வருவது.

தமிழர் வாழும் நிலத்தில் பெருங்குழல் ரைஃபிளைத் தானே வடிவமைத்துக் கையால் மருந்து கெட்டித்தவர்களுள் பெயர்பெற்றவர் சாமுவேல் ஒயிட் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று புகழ்பெற்ற இவ்வாங்கிலேயர், 1840களின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை இலங்கையில் வாழ்ந்தார். நுவரெலியாவில் பண்ணை அமைத்தார். 1854இலும் 1855இலும் இலங்கை வேட்டையைப் பற்றி இரு நூல்களை வெளியிட்டார். இளைஞராக இருந்தபோதே தமக்கு வேண்டிய ரைஃபிளின் வரைவைத் தாமே தீர்மானித்து, பிரிஸ்டல் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளி கிப்ஸிடம் செய்வித்துக்கொண்டார். எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ. குழலுக்குள் இரண்டே வரிப்பள்ளங்கள். குண்டு மூன்று அவுன்சு. மருந்து பதினாறு டிராம், அதாவது 28 கிராம். அக்காலத்து வழக்கத்தைவிட இது மிகப் பெரிய அளவு. சிறிய அளவு மருந்தோடும் வேகமாகச் சுழலும் வரிப்பள்ளத்தோடும் குண்டு நேராகப் போகாது என்று கண்டு, பள்ளத்தைக் குறைத்து, மருந்தைக் கூட்டி, துப்பாக்கியின் எடையை ஏற்றி அவர் ஒரு விடையை எட்டினார். இன்றைய பொழுதுபோக்காளர் தம் பட்டறையில் செய்வதும் இத்தகைய சோதனைதான். வரலாற்றாசிரியர் பேக்கரை அதற்காகப் பாராட்டலாம்.

ஆனால் அந்நூல்களைத் திறந்துவைத்துக்கொண்டு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். வாய்வழி நிரப்பும் துப்பாக்கியில் ஒரு முறை சுட்டபின் மறுமுறை மருந்திட்டு, குண்டைத் தள்ளி, கேப்பு வைக்க நேரம் பிடிக்கும். யானை அதுவரை காத்திருக்காது. ஆகவே வேட்டைக்காரருக்குப் பின்னால் இரண்டு, மூன்று நிரப்பிய துப்பாக்கிகளைச் சுமந்துகொண்டு ஆட்கள் நின்றனர். சுட்ட துப்பாக்கியை வாங்கிக்கொண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கையில் கொடுப்பது அவர்கள் வேலை. வேட்டைக்காரரின் உயிர் அவர்களுடைய கால்கள் ஓடாமல் நிற்பதைப் பொறுத்தது. தமிழ்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடந்து சென்ற அதே பத்தாண்டுகள் இவை. வேட்டை இலக்கியத்தில் துப்பாக்கி செய்தவர் பெயர் இருக்கிறது, மருந்தின் எடை இருக்கிறது, யானையின் உயரம் இருக்கிறது. துப்பாக்கியைச் சுமந்து நின்றவர் பல இடங்களில் வெறும் 'ஆள்' என்றே வருகிறார். பீதியில் ஓடினால் மட்டும் அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதப்படும்.

யானைகளின் கணக்கும் இதனோடு சேர்ந்தது. இலங்கை அரசு கொல்லப்பட்ட யானைக்குச் சன்மானம் தந்த காலம் அது. 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படும் மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பெருங்குழல் ரைஃபிளின் தொழில்நுட்ப வரலாற்றை இந்த எண்ணை விட்டுவிட்டு எழுத முடியாது.

அடுத்த அரை நூற்றாண்டில் துப்பாக்கி மாறியது. வாய்வழி நிரப்புவது போய்ப் பின்வழி நிரப்பும் முறை வந்தது. கரிமருந்து போய்க் கார்டைட் வந்தது. கயிறுபோல் இழைகளாக இழுக்கப்படுவதால் அதற்கு அந்தப் பெயர். நீலகிரியில் அருவங்காட்டிலுள்ள கார்டைட் தொழிற்சாலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்காகவே எழுந்தது. 1898இல் லண்டனில் ரிக்பி நிறுவனம் கார்டைட்டைக் கொண்டு .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்னும் தோட்டாவை வெளியிட்டது. பேக்கரின் ஒன்பதரைக் கிலோ பாரம் இதனால் பாதியாகக் குறைந்தது. ஆனால் குளிர்நாட்டில் சோதித்த தோட்டா வெயில்நாட்டில் வேறு மாதிரி நடந்துகொண்டது. சூட்டில் கார்டைட் விரைந்து எரிய, அழுத்தம் ஏறி, கூடு உள்ளறையில் இறுகிக்கொண்டது. பாயும் புலியின் முன் கூடு வெளியே வராத துப்பாக்கி கம்பத்திற்குச் சமம். ஆகவே உற்பத்தியாளர்கள் மருந்தைக் குறைத்து 'வெப்பநாட்டு அளவு' என்று தனியாக விற்கத் தொடங்கினர். திருப்பதி, சித்தூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு இது விளக்காமலே புரியும். குறிப்பேட்டில் வெப்பநிலைக்கு ஒரு பத்தி ஏன் என்பதற்கும் இதுவே விடை.

இனி நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் நிகழ்வு. 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 ரகத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் தடைசெய்தது. துப்பாக்கி வரலாற்று நூல்கள் கூறும் காரணம் இது: படையில் முன்பு புழங்கிய மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் பல கலகக்காரர்களின் கைக்குப் போயிருந்தன, அவற்றின் குழலும்.450 அங்குலம். வேட்டைக்காரர்களின் தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கி, மார்ட்டினி-ஹென்றிக் கூட்டில் வைத்து நிரப்பிச் சுட்டுவிடலாம் என்ற அச்சம். அதாவது கையால் நிரப்புதல் என்னும் கலையைக் கண்டு அஞ்சியே அந்தத் தடை போடப்பட்டது. விளைவாக லண்டன், பர்மிங்காம் பட்டறைகள் .450ஐ விட்டு விலகி .465, .470, .475 என்று புதிய அளவுகளைப் படைத்தன. இன்று உலகெங்கும் பெருங்குழல் ஆர்வலர்கள் பெருமையோடு நிரப்பும் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸின் எண்ணுக்குப் பின்னால் ஒரு குடியேற்ற அரசின் பயம் நிற்கிறது. அந்தப் பயம் வேட்டைக்காரரின் கையைப் பற்றியதன்று. அவர் சுட்டு எறிந்த கூட்டைப் பொறுக்கக்கூடிய கையைப் பற்றியது.

அச்சத்துக்கு ஏற்கெனவே சட்ட வடிவம் இருந்தது. லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் கட்டாயம் என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அதற்கு எதிர்வினையாகவே 1931இன் கராச்சி காங்கிரஸ் தீர்மானம், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அரசியலமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. நாடு பிரிந்து குருதி உலராத காலத்தில் அந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு அதைக் குறைகூறுவது எளிது. தொடர்ந்து வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிப்பதையும் மாற்றியமைப்பதையும் பழுதுபார்ப்பதையும்கூடத் தடுக்கிறது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. 12.7 முதல் 20 மில்லிமீட்டர் வரை குழல் மாற்றக்கூடிய 'வித்வன்சக்' ரைஃபிள் திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையில் தயாராகிறது. அதைத் தொடும் வாய்ப்பு படைவீரருக்கு மட்டுமே.

தடாவிலிருந்து மேற்கே, ரேணிகுண்டாவைத் தாண்டி, சேஷாசலம் மலையடியில் மாமண்டூர் ரயில் நிலையம் உள்ளது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) தம் வேட்டைக் கதைகளில் அக்காட்டைப் பதிவு செய்திருக்கிறார். அவர் வாழ்நாள் முழுதும் நம்பிய துப்பாக்கி .405 வின்செஸ்டர். 1904இல் அறிமுகமான அத்தோட்டா பின்னர் உற்பத்தி நின்று, 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி வந்தது. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தவர் கூடுகளைச் சேமித்துத் தாமே நிரப்பிக்கொண்டார். இந்தியாவில் வைத்திருந்தவருக்குக் கையிருப்புத் தீர்ந்த நாளில் துப்பாக்கி வெறும் இரும்பாயிற்று. சமஸ்தானங்களின் அரண்மனைச் சுவர்களில் மாட்டியிருக்கும் பல பெருங்குழல் ரைஃபிள்களின் நிலையும் இதுவே. ஆண்டர்சன் எழுத்தின் சிறப்பு துப்பாக்கியில் இல்லை என்பது வேறு செய்தி. பிற்காலத்தில் அவர் துப்பாக்கியைவிடக் காமிராவையும் காட்டில் கழியும் இரவையும் பெரிதாக எண்ணினார்.

இப்போது மீண்டும் ஏரிக்கரைக்கு வரலாம். பழவேற்காட்டு ஏரியைச் சுற்றிய ஊர்களில் மருந்து கெட்டிப்பது பொழுதுபோக்காக இருந்ததில்லை. அது பிழைப்பாக இருந்தது. தமிழ்நாட்டில் நரிக்குறவர் என்றும் குருவிக்காரர் என்றும், ஆந்திரத்தில் நக்கலவாரு என்றும் அழைக்கப்படும் மக்கள் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கியில் மருந்தும் ரவையும் கெட்டித்துக் கொக்கும் காட்டுவாத்தும் சுட்டு வாழ்ந்தனர். பேக்கர் தம் சோதனைகளில் கண்டறிந்த அதே உறவுகளை — மருந்துக்கும் ஈயத்துக்கும், குழல் நீளத்துக்கும் தொலைவுக்கும் உள்ள உறவுகளை — இவர்கள் குறிப்பேடு இல்லாமல், கைப்பழக்கமாகவே அறிந்திருந்தனர். எவ்வளவு மருந்து என்பதை உள்ளங்கைக் குழிவு சொல்லியது. அந்த அறிவு எந்த நூலிலும் ஏறவில்லை.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டையை ஏறக்குறைய முற்றிலும் நிறுத்திய அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் அவர்கள் பிழைப்பை மூடின. சட்டம் சரியானது, ஏரிக்கரையில் குளிர்காலத்தில் நின்று பார்ப்பவர் எவரும் அதை மறுக்க மாட்டார். ஆனால் ஒரே சட்டத்தின் நிழல் எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. குடகர்கள் துப்பாக்கி உரிமத்திலிருந்து பெற்றுள்ள விலக்கு 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. கைல்போது விழாவில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடுகின்றனர். அது பண்பாடாகப் பார்க்கப்படுகிறது. நரிக்குறவரின் துப்பாக்கி சந்தேகமாகப் பார்க்கப்படுகிறது. வேட்டையை இழந்து பாசிமணி விற்கத் தெருவுக்கு வந்த அவர்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான்.

மருந்து எரிந்து புகையாகிவிடுகிறது, ஈயம் தங்கிவிடுகிறது. நீர்நிலைகளில் விழுந்த ஈயரவையைக் கூழாங்கல் என்று எண்ணி வாத்தினங்கள் விழுங்குகின்றன. இரைப்பையில் அரைபட்டு அது நஞ்சாகிறது. இதனால் அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயரவையை நாடு முழுவதும் தடைசெய்தது. தம் வீட்டுப் பட்டறையில் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கும் பொழுதுபோக்காளரும் அதே உலோகத்தின் ஆவியையும் தூசியையும் சுவாசிக்கிறார். காற்றோட்டம் இல்லாத பட்டறை அவர் இரத்தத்தில் எழுதும் கணக்கு எந்தக் குறிப்பேட்டிலும் வராது.

கையால் நிரப்புதல் என்னும் பொழுதுபோக்கை வெறும் வன்முறை ஆசை என்று ஒதுக்குவது நியாயமாகாது. பொறுமை, அளவு, பதிவு, தன் தவறுக்குத் தானே பொறுப்பேற்றல் ஆகிய பண்புகள் அதில் உள்ளன. ஆய்வுக்கூடத்தில் நாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முயல்வதும் இவற்றைத்தான். ஆனால் அமெரிக்கப் பட்டறையில் அது பொழுதுபோக்காக இருக்க முடிவதற்கு, யார் கையில் மருந்து இருக்கலாம் என்ற கேள்வி அங்கே அவருக்குச் சாதகமாக எப்போதோ தீர்க்கப்பட்டுவிட்டது காரணம். அந்தத் தீர்வுக்கு அந்நாடு தரும் விலை நாளேடுகளில் வந்துகொண்டிருக்கிறது. நம் நாட்டில் அக்கேள்வி ஒருபோதும் பொழுதுபோக்காளரைப் பற்றியதாக இருக்கவில்லை. துப்பாக்கி சுமந்தவன், கூடு பொறுக்கியவன், வாத்து சுட்டுப் பிழைத்தவன் ஆகியோரைப் பற்றியதாகவே இருந்தது. அவர்களை அஞ்சி எழுதப்பட்ட விதிகளின் வழித்தோன்றல்தான், இன்று தடாவில் இருந்துகொண்டு .470 தோட்டாவைப் பற்றிப் படிக்கும் இளைஞரின் கையையும் நிறுத்துகிறது.

அது நிறுத்தப்பட்டதில் வருத்தப்பட அதிகம் இல்லை. வருந்தத்தக்கது வேறொன்று. பேக்கரின் மருந்து அளவு பதினாறு டிராம் என்று இன்று எவரும் அறியலாம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்த முதியவர்களின் அளவுகள், அவர்கள் குழலைச் செப்பனிட்ட முறை, மழைநாளில் மருந்தைக் காத்த வழி, எந்தப் பறவையை எப்போது சுடக் கூடாது என்று வைத்திருந்த கட்டுப்பாடுகள் ஆகியவற்றை அறிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். துப்பாக்கி இல்லாமலே கேட்டு எழுதக்கூடிய அறிவு அது. வாய்மொழி வரலாற்றில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவருக்குச் சூலூர்பேட்டை வண்டியில் ஒரு பயணச்சீட்டும் குறிப்பேடும் போதும். பூநாரைத் திருவிழாவுக்கு வருவோர் ஜனவரியில் வந்து பறவைகளைப் படமெடுத்துத் திரும்பிவிடுகின்றனர். அவர்கள் கடந்துபோகும் சாலையோரத்தில் பாசிமணி கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் அந்தப் பறவைகளைப் பற்றி இதுவரை யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.